குழாயின் மென்மை எங்கே போனது?

எங்கள் வீட்டுக் கொல்லையில் செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் ஒன்று கிடக்கிறது. ‘ரப்பர் டியூப்’ என்று கேட்டுத்தான் வாங்கினோம். உண்மையில் அது பிவிசி. வாங்கிய புதிதில் சாரைப்பாம்பு மாதிரி வளைந்து சுருண்டுகொள்ளும். ஏழெட்டுக் கோடை கண்ட பிறகு இப்போது விறைத்துப்போய்விட்டது. மடக்கினால் ஒடிகிறது. பழைய ஸ்கூட்டர் சீட்டின் ரெக்சின் உறை வெடிப்பதும், சாப்பாட்டு மேசை விரிப்பு மொரமொரவென்று ஆவதும் இதே கதைதான். “வெயிலில் காய்ந்துவிட்டது” என்போம். வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதிலிருந்து வெளியேறியது தண்ணீர் அல்ல, எண்ணெய் போன்ற ஒரு வேதிப்பொருள். அது எங்கே போகிறது, போன இடத்தில் அதை யார் என்ன செய்கிறார்கள் என்று தேடிப்போனால், காற்றே புகாத கறுப்புச் சேற்றில் போய் நிற்போம்.

பிவிசி பிறவியிலேயே மென்மையான பொருள் அல்ல. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பாருங்கள். அதுதான் அசல் பிவிசி. அதன் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். இடையில் எண்ணெய் போன்ற சிறு மூலக்கூறுகளைப் புகுத்தினால் இழைகள் வழுக்கி நகரும், பொருள் குழையும். பரோட்டா மாவில் எண்ணெய் பார்க்கும் வேலை. இந்தப் பொருளுக்கு நெகிழ்வூட்டி என்று பெயர். பரோட்டாவில் சேர்த்த எண்ணெய் மாவோடு வேதிப்பிணைப்பு எதுவும் கொள்வதில்லை. பொட்டலம் கட்டிய காகிதத்தில் கறையாக இறங்கிவிடும். நெகிழ்வூட்டியும் அப்படித்தான். இழைகளுக்கு நடுவே சும்மா தங்கியிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெளியே நடந்துவிடலாம்.

பிவிசியைக் குழையவைக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1926-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றுக்காக, அன்று யாரும் சீந்தாத பிவிசியை அதிகக் கொதிநிலை கொண்ட திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். பசை வரவில்லை. ஆறியபோது கையில் கிடைத்தது, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒரு பண்டம். மின்கம்பி உறை, மழைக்கோட்டு, தரைவிரிப்பு, பொம்மை, செருப்பு, ரத்தப் பை என்று பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் மூத்தது. மென்மையான பிவிசிப் பொருளின் எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை நெகிழ்வூட்டியே இருக்கலாம். அதாவது ஒரு கிலோ குழாய் வாங்கினால், அதில் 200 முதல் 400 கிராம் வரை ‘எண்ணெய்’ வாங்குகிறோம்.

நெகிழ்வூட்டிகளில் அதிகம் புழங்குவது தாலேட் குடும்பம். அதில் பேர் பெற்றது டிஇஎச்பி. இதற்கு ஒரு நல்ல முகமும் உண்டு: ரத்தப் பையிலிருந்து கசியும் டிஇஎச்பி, சிவப்பணுக்களின் சவ்வுக்குள் புகுந்து அவை சீக்கிரம் உடைந்துபோகாமல் காக்கிறது. அதனால்தான் ரத்த வங்கிகள் இன்றும் அதை எளிதில் கைவிட முடியாமல் தவிக்கின்றன. மறுமுகம் நல்லதல்ல. கருவிலிருக்கும் ஆண் எலிகளில் இது ஆண்மை ஹார்மோன் சுரப்பைக் குறைப்பது ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் இதை இனப்பெருக்கத்துக்கு நஞ்சான பொருள் என்று வகைப்படுத்தி, 2020 ஜூலை முதல் டிஇஎச்பி உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளைப் பெரும்பாலான நுகர்பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது.

கட்டுப்பாடு இனி வரப்போகும் பொருள்களுக்குத்தான். ஏற்கெனவே வெளியே நடந்துவிட்டதை என்ன செய்வது? தரை துடைத்த தண்ணீரோடும் துணி துவைத்த தண்ணீரோடும் அது சாக்கடைக்கு வருகிறது. குப்பைமேட்டில் மழை பெய்தால் கசிவுநீரோடு வருகிறது. நம்ம ஊர் ஆற்றுக்கும் வந்திருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரியின் நீரையும் படுகை மண்ணையும் எடுத்துச் சோதித்து, இரண்டிலும் தாலேட்டுகள் இருப்பதை 2015-ல் வெளியிட்டார்கள். டிஇஎச்பிக்குத் தண்ணீர் பிடிக்காது. ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம்தான் கரையும். ஆகவே கிடைத்த தூசியிலும் சேற்றுத் துகளிலும் ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆற்றின் அடிமண், கழிவுநீர் நிலையத்தின் கசடு, குப்பைமேட்டின் அடிவயிறு என்று அது போய்ச் சேரும் இடங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: அங்கே ஆக்சிஜன் கிடையாது.

நடவு வயலில் கால் புதைத்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். மேலே ஒரு விரற்கடை மண் பழுப்பாக இருக்கும்; காலை உருவினால் கீழிருந்து கறுப்புச் சேறு வரும், கூடவே அழுகிய முட்டை வாடையும் சில குமிழிகளும். மேல்மண்ணில் இருக்கும் உயிர்கள் ஆக்சிஜனை முழுக்கத் தின்று தீர்த்துவிடுவதால் கீழே எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் அங்கே உயிர் இல்லாமல் போவதில்லை. சுவாசம் என்பதை நாம் மூக்கோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். நுண்ணுயிருக்குச் சுவாசம் என்றால், உணவிலிருந்து பிரித்த எலெக்ட்ரான்களைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம், அவ்வளவுதான். நமக்கு அந்த இடம் ஆக்சிஜன். அது இல்லாதபோது சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் கொட்டுகின்றன; சில இரும்பில்; சில சல்பேட்டில். அந்த முட்டை வாடை சல்பேட்டில் கொட்டியவர்கள் விட்டது, கறுப்பு நிறம் அதிலிருந்து உண்டான இரும்பு சல்ஃபைடு. எதுவுமே கிடைக்காத கடைக்கோடியில் மீத்தேன் ஆக்கிகள் இருக்கின்றன. குமிழி அவற்றினுடையது. நைட்ரேட்டில் வாழ்கிறவருக்கு வரும்படி நன்றாகவே இருக்கும். சல்பேட்டில் வாழ்கிறவருக்குக் கைக்கும் வாய்க்கும். கடைக்கோடிக்காரர்களுக்கோ பட்டினியின் விளிம்பு. இந்த வரும்படிக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வரப்போவது எளிதாகப் புரியும்.

இப்போது தாலேட் மூலக்கூறின் உருவத்தைப் பார்ப்போம். நடுவில் ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம். அதன் அடுத்தடுத்த இரண்டு மூலைகளில் இரண்டு கைகள். ஒவ்வொரு கையும் ஒரு கொழுப்புத்தன்மையுள்ள வாலைப் பிடித்திருக்கிறது. வால் ஒரு கார்பன் நீளமாக இருக்கலாம், நான்காக இருக்கலாம். டிஇஎச்பியில் எட்டு, அதிலும் கிளைவிட்ட எட்டு. கைக்கும் வாலுக்கும் நடுவே இருப்பது எஸ்டர் பிணைப்பு. சமையல் எண்ணெயிலும் இதே வகைப் பிணைப்புதான்.

முதல் வேலை வாலை நறுக்குவது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, தண்ணீர் போதும். எஸ்டரேஸ் என்ற நொதி, ஒரு நீர் மூலக்கூறை வைத்து முதல் வாலை வெட்டும், பிறகு இரண்டாவதை. மிஞ்சுவது தாலிக் அமிலமும் இரண்டு ஆல்கஹால் மூலக்கூறுகளும். ஆல்கஹாலைத் தின்ன சேற்றில் ஆள் பஞ்சமில்லை. கேட்கும்போது மிக எளிதாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன், பாய்ட், டீஜே ஆகிய மூவர் 1984-ல் கழிவுநீர்க் கசடில் வெவ்வேறு தாலேட்டுகளைக் கலந்து, காற்றுப்படாமல் மூடிவைத்துப் பார்த்தார்கள். குட்டை வால் தாலேட்டுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ மறைந்தன. எட்டுக் கார்பன் வாலுள்ளவை அசையாமல் கிடந்தன. நீள வால் என்றால் தண்ணீரில் கரைவது குறைவு. கரையாதது துகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதை நொதி எட்ட முடியாது. போதாததற்கு அந்த வாலின் கிளை, கத்தி இறங்க வேண்டிய இடத்தில் குறுக்கே நிற்கிறது.

வால் போன பிறகு எஞ்சும் தாலிக் அமிலம்தான் நிஜமான வம்பு. ஏனென்றால் இனி உடைக்க வேண்டியது பென்சீன் வளையம். ஆறு கார்பன்களும் ஆறு எலெக்ட்ரான்களைப் பொதுச்சொத்தாக வைத்துக்கொண்டிருக்கும் கூட்டுக்குடும்பம் அது. யாரையாவது ஒருவரைத் தனியே பிரிப்பது லேசில் நடக்காது. காற்றுள்ள இடத்து பாக்டீரியாக்கள் இதற்கு ஆக்சிஜனையே கோடரியாக வைத்திருக்கின்றன. ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் வளையத்தில் நேராகப் பதித்து, பலவீனமான இடத்தில் பிளந்துவிடும். அவர்களுக்கு ஆக்சிஜன் சுவாசம் மட்டுமல்ல, கருவியும் கூட. சேற்றில் இருப்பவர்களிடம் அந்தக் கோடரி இல்லை. அதனால் காற்றில்லாத இடத்தில் பென்சீன் வளையம் உடையாது என்று பலர் நீண்ட காலம் நம்பினார்கள். 1934-லேயே டார்வினும் பஸ்வெல்லும் காற்றில்லாத புளிப்பில் பென்சோயேட்டிலிருந்து மீத்தேன் வருவதை அளந்து வெளியிட்டிருந்தார்கள். (இந்த டார்வின் பரிணாமக்காரர் அல்ல.) வளையம் உடைகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எப்படி உடைகிறது என்று நொதி அளவில் பார்க்க இன்னும் அறுபது ஆண்டு ஆனது.

வழி இரண்டு கட்டங்களாகப் போகிறது. தாலிக் அமிலத்தின் இரண்டு கைகளில் ஒன்றைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றி எறிவது முதல் கட்டம். மிஞ்சும் ஒற்றைக் கை வளையத்தை உடைப்பது அடுத்தது.

முதல் கட்டத்துக்கு ஒரு பிடி வேண்டும். உயிரணுக்கள் அமிலங்களைக் கையாளும்போது கோஎன்சைம் ஏ என்ற பெரிய மூலக்கூறை அதில் மாட்டிவிடும். சூடான வாணலியை இடுக்கியால் பிடிப்பது மாதிரி. இடுக்கி மாட்டியபின் நொதிகள் பொருளைத் திருப்பலாம், வெட்டலாம், எலெக்ட்ரான்களை இடம் மாற்றலாம். நைட்ரேட்டில் வாழும் தாவெரா குளோரோபென்சோயிகா, அரோமடோலியம் அரோமடிகம் போன்ற பாக்டீரியாக்கள், தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சக்சினைல் கோஎன்சைம் ஏ என்ற பொருளிலிருந்து இடுக்கியைக் கழற்றித் தாலிக் அமிலத்தில் மாட்டுகின்றன. சல்பேட்டில் வாழும் டீசல்ஃபோசார்சினா சீட்டோனிகா இதே காரியத்துக்கு ஏடிபி என்ற ஆற்றல் நாணயத்தைச் செலவழிக்கிறது. வரும்படி குறைந்தவர் கைக்காசைப் போடுவது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது.

ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் போல் குழு, இந்தக் கட்டத்தை நொதி நொதியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. இடுக்கி நிற்கவில்லை. காரணம், அண்டை வீட்டுக்காரர். தாலிக் அமிலத்தின் இரண்டு கைகளும் அடுத்தடுத்த மூலைகளில் இருக்கின்றன அல்லவா? ஒரு கையில் இடுக்கியை மாட்டிய உடனே, பக்கத்தில் இருக்கும் மற்றொரு கை வளைந்துவந்து அந்தப் பிணைப்பைத் தாக்குகிறது. இடுக்கி கழன்று விழுகிறது. மாட்டிய செலவு வீண். தண்ணீரில் விட்டுவைத்தால் சுமார் 7 நிமிடத்தில் பாதி மூலக்கூறுகள் இப்படிக் கழன்றுவிடும். நமக்கு 7 நிமிடம் ஒரு டீ குடிக்கும் நேரம். நொதிகளின் உலகில் அது ஒரு யுகம்தான், என்றாலும் இடைப்பொருள் உயிரணுவுக்குள் தேங்கி நிற்கிற சாதாரண ஏற்பாட்டில் அந்த ஒழுக்கு பெரிய நட்டம். கை இரண்டும் தள்ளித்தள்ளி இருக்கும் ஐசோதாலிக், டெரிதாலிக் அமிலங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அண்டை வீட்டார் தூரத்தில் இருப்பதில் இப்படியும் ஒரு நன்மை.

பாக்டீரியா இதற்குக் கண்ட தீர்வில் நளினம் எதுவும் இல்லை; ஆள்பலம்தான். கை கழற்றும் நொதியை, அதாவது தாலாயில் கோஎன்சைம் ஏ டிகார்பாக்சிலேஸை, அது அளவுமீறித் தயாரித்துக் குவிக்கிறது. பொதுவாக ஓர் உயிரணுவில் வேலைக்கு வரும் பொருள் அதிகமாகவும் வேலை செய்யும் நொதி குறைவாகவும் இருக்கும். ஒரு முடிதிருத்துநர், வரிசையில் பத்துப் பேர். இங்கே தலைகீழ். ஒரு வாடிக்கையாளர் படியேறினால் நூறு பேர் கத்தரிக்கோலோடு நிற்கிறார்கள். இடுக்கி மாட்டிய மூலக்கூறு பிறந்த கணமே ஏதாவது ஒரு நொதியின் கையில் போய் விழுந்துவிடுகிறது. கழன்று விழ அவகாசமே இல்லை. 2017, 2018-ல் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பல கோடி ஆண்டுகள் தேய்ந்து மெருகேறிய ஒரு வழி என்றால், இரண்டு நொதிகளும் ஒட்டிக்கொண்டு, பொருளைக் கைமாற்றும் நேர்த்தி வந்திருக்கும். இங்கே இருப்பது அவசரத்துக்குக் கட்டிய சாரம். தாலேட்டுகளை மனிதர்கள் டன் கணக்கில் கொட்டத் தொடங்கி நூறு ஆண்டுகூட ஆகவில்லை. வந்து குவிந்த புதுச் சரக்கை, பழைய பட்டறைக் கருவிகளைக் கொண்டு சமாளித்திருக்கிறார்கள்.

கருவி பழையது என்பது ஊகம் அல்ல. இந்த நொதி யுபிஐடி என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் இதே குடும்பத்து நொதி, யுபிகுவினோன் என்ற பொருளைச் செய்யும் வேலையில் இருக்கிறது. மருந்துக்கடையில் ‘கோக்யூ 10’ என்று மாத்திரையாக விற்கிறார்களே, அதன் இனம். இந்தக் குடும்பத்து நொதிகளின் கத்தி முனையில் இருப்பது, வைட்டமின் பி2-வை அடிப்படையாகக் கொண்ட ஒரு மூலக்கூறில் கூடுதலாக இன்னொரு வளையம் வைத்துத் தைத்த துணைப்பொருள். அதன் அமைப்பை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் லேஸ் குழு 2015-ல்தான் கண்டது. தாலேட்டை உடைக்கும் நொதிக்கு அதோடு இரும்பும் பொட்டாசியமும் வேண்டும்.

ஒரு கை போய்விட்டது. இப்போது நம்மிடம் இருப்பது பென்சாயில் கோஎன்சைம் ஏ. சேற்று உலகின் ஜோலார்பேட்டை இது. பெட்ரோலில் வரும் டொலுவீன், பீனால், மரத்தின் லிக்னின் சிதைந்து வரும் துண்டுகள், புரதத்தில் உள்ள ஃபினைல்அலனின் என்று வளையமுள்ள எந்தச் சரக்கு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இந்த ஜங்ஷனில் வந்து சேர்ந்து ஒரே தண்டவாளத்தில் போகிறது. மரமும் இலையும் மக்கத் தொடங்கிய காலத்திலிருந்து போட்ட தண்டவாளம். தாலேட்டுக்கென்று புதிதாகப் போட்டது ஜங்ஷன் வரைக்குமான கிளைப்பாதை மட்டுமே.

ஜங்ஷனைத் தாண்டியதும் வளையத்தை உடைக்கும் இடம் வருகிறது. ஆக்சிஜனால் பிளக்க முடியாததால், பாக்டீரியா எதிர்த்திசையில் போகிறது: வளையத்துக்குள் எலெக்ட்ரான்களைத் திணிக்கிறது. இரண்டு எலெக்ட்ரான் உள்ளே போனால் கூட்டுக்குடும்பம் கலைந்துவிடும். திணிப்பதுதான் கஷ்டம், பென்சீன் வளையம் புது எலெக்ட்ரானை ஏற்க அவ்வளவு எளிதில் சம்மதிக்காது. ஆஸ்திரேலிய வேதியியலர் ஆர்தர் பெர்ச் 1944-ல் கண்ட முறையில் இதைச் செய்ய வேண்டுமென்றால், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரிக்கும் குளிர்ந்த திரவ அம்மோனியாவில் சோடியம் உலோகத்தைக் கரைக்க வேண்டும். சோடியம் தண்ணீரைக் கண்டால் தீப்பற்றும். ஈரச்சேற்றில் இருக்கும் பாக்டீரியா அந்த வேலையைச் சாதாரண வெப்பத்தில், தண்ணீருக்குள்ளேயே செய்துமுடிக்கிறது.

செய்யும் நொதியின் பெயர் பென்சாயில் கோஎன்சைம் ஏ ரிடக்டேஸ். மத்தியாஸ் போலும் அவருடைய அன்றைய ஆசிரியர் கியோர்க் ஃபுக்ஸும் 1995-ல் தாவெரா அரோமடிகா பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அது இரண்டு எலெக்ட்ரானை உள்ளே தள்ள இரண்டு ஏடிபியைச் செலவழிக்கிறது. நைட்ரேட் வரும்படி உள்ளவருக்கு அது கட்டுப்படியாகும். சல்பேட்டிலும் இரும்பிலும் வாழ்கிறவர்களுக்குக் கட்டாது. மொத்த வருமானமே அதில் போய்விடும். அவர்கள் வேறொரு நொதி வைத்திருக்கிறார்கள். அதில் ஏடிபி செலவே இல்லை. நடுவில் இருப்பது டங்ஸ்டன், குண்டு பல்பின் இழையில் இருக்கும் அதே உலோகம். உயிர்கள் பயன்படுத்தும் தனிமங்களில் மிகக் கனமானது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த துணுக்குகள் வரிசையாக நின்று எலெக்ட்ரானைக் கைமாற்றிக் கொடுக்க, டங்ஸ்டன் அதை வளையத்தில் ஏற்றுகிறது. ஓர் எலெக்ட்ரானை மேட்டுக்கு ஏற்ற, இன்னோர் எலெக்ட்ரானைப் பள்ளத்துக்கு உருட்டிவிட்டு அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் உத்தி அதில் இருக்கிறது. கமலையில் மாடு சரிவில் இறங்க, மறுமுனையில் தண்ணீர்ச் சால் மேலே வருகிறதே, அந்த ஏற்பாடு.

அதன் பிறகு கதையில் விறுவிறுப்பு இல்லை. கலைந்த வளையத்தில் தண்ணீர் சேர்கிறது. வளையம் அறுந்து நீள இழையாகிறது. நம் உடம்பு கொழுப்பை இரண்டிரண்டு கார்பனாக நறுக்குவதுபோல் அதுவும் நறுக்கப்படுகிறது. கடைசியில் கிடைப்பது மூன்று அசிட்டைல் துண்டுகளும் கார்பன் டை ஆக்சைடும். அசிட்டைல் எந்த உயிருக்கும் வீட்டுச் சாப்பாடு.

நைட்ரேட்டோ சல்பேட்டோ இருக்கும் இடத்தில் ஒரே பாக்டீரியா இந்த முழு வேலையையும் முடித்துவிடலாம். இரண்டும் தீர்ந்துபோன இடத்தில், உதாரணமாகச் சாண எரிவாயுக் கலனில், தனியாள் வேலை நடக்காது. அங்கே எலெக்ட்ரானைக் கொட்ட இடமில்லாததால் அதை ஹைட்ரஜன் வாயுவாக வெளியே விட வேண்டும். ஹைட்ரஜன் சற்றே சேர்ந்துவிட்டாலும் வினை நின்றுவிடும். பக்கத்திலேயே மீத்தேன் ஆக்கி ஒன்று உட்கார்ந்து, வர வர அதை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் சமைக்க இன்னொருவர் உடனுக்குடன் பாத்திரம் கழுவுகிற சின்னச் சமையலறை. பாத்திரம் குவிந்தால் அடுப்பும் அணையும். ஜப்பான் ஆய்வாளர்கள் 2006-ல் விவரித்த பெலோடோமாகுலம் டெரிதாலிசிகம், பெலோடோமாகுலம் ஐசோதாலிசிகம் என்ற இரண்டும் இந்த ரகம். தாலிக் அமிலத்தின் உடன்பிறப்புகளான அந்த இரு அமிலங்களையும் மீத்தேன் ஆக்கியோடு கூட்டுச் சேர்ந்தால் மட்டுமே தின்னும்.

இந்தக் கூட்டு ஆய்வகக் குடுவையோடு நிற்கவில்லை. பாலியெஸ்டர் துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் மூலப்பொருளான டெரிதாலிக் அமிலம் செய்யும் ஆலைகளின் கழிவுநீரில் இந்த அமிலங்கள் ஏராளம். அதைச் சுத்தம் செய்ய உலகின் பல இடங்களில் காற்றில்லாக் கலன்களையே வைத்திருக்கிறார்கள். காற்று ஊதும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டாம், கசடும் குறைவு, எரிவாயுவும் கிடைக்கிறது. ஒரே தொல்லை, கலன் சூடுபிடிக்க மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவு குறைந்த வரும்படியில் குடும்பம் பெருக நேரம் பிடிக்கத்தானே செய்யும்.

ஆற்றங்கரைச் சேற்றிலோ ஆக்சிஜன் ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அங்கே வாழும் சில நைட்ரேட் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் வந்தாலும் கோடரிக்குத் தாவுவதில்லை. இடுக்கி மாட்டி, கை கழற்றி, ஜங்ஷன் வரை பழையபடியே வந்துவிட்டு, அதன்பின் மட்டும் ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. தண்ணீர் எப்போது ஏறும் இறங்கும் என்று தெரியாதவன் இரண்டு வழிக்கும் பொதுவான பாதையில் வண்டியை நிறுத்திவைப்பது போலத்தான்.

‘பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா’ என்று தலைப்பு பார்த்தால் எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு. இந்த பாக்டீரியாக்கள் பிவிசியைத் தொடுவதில்லை. பிவிசியிலிருந்து வெளியேறிய எண்ணெயைத்தான் தின்கின்றன. அதையும் முதலில் வாலை நறுக்க முடிந்தால்தான். நறுக்க வேண்டிய பொருள் கசடுத் துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, வளையத்தை உடைக்கும் அத்தனை வித்தையும் கையில் இருந்தும் பயனில்லை. மாற்று நெகிழ்வூட்டிகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இரண்டு கைகளும் எதிரெதிர் மூலையில் இருக்கின்றன, அண்டை வீட்டுத் தகராறு இல்லை. ஜெர்மானிய நிறுவனமான பிஏஎஸ்எஃப் 2002-ல் கொண்டுவந்த இன்னொன்றில் வளையத்தில் ஹைட்ரஜனை ஆலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். பாக்டீரியா அவ்வளவு பாடுபட்டுக் கலைக்கும் கூட்டுக்குடும்பம் அதில் தொடக்கத்திலேயே இல்லை. ஆனால் இரண்டிலுமே வால் நீளமானதுதான்.

கழிவுநீர் நிலையத்தில் இந்த வால் பிரச்சினை நேரக் கணக்காக வந்து நிற்கிறது. கசடைக் காற்றில்லாக் கலனில் பெரும்பாலும் 15 முதல் 30 நாள் வைத்திருப்பார்கள். குட்டை வால் தாலேட்டுகளுக்கு அது போதும். டிஇஎச்பி பெருமளவு தப்பித்து, கசடோடு வெளியே வந்துவிடும். கசடு எருவாக வயலுக்குப் போகிறது என்பதால் டென்மார்க் அதற்கு ஒரு வரம்பு வைத்தது: உலர்ந்த கசடில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் டிஇஎச்பி. அதற்குள் அடக்க வேண்டுமென்றால், கலனிலிருந்து வந்த கசடைக் காற்றோட்டமாகக் குவித்து மக்கவிட வேண்டும். கோடரி வைத்திருப்பவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். மக்கும் குவியலின் சூட்டில் துகளில் ஒட்டியிருப்பதும் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். முதல் ஷிஃப்ட் சேற்றுக்காரர்களுக்கு, மிச்சம் காற்றுக்காரர்களுக்கு.

கொல்லைக் குழாயை நேற்று இன்னும் இரண்டு துண்டாக ஒடித்து மூலையில் போட்டேன். அதிலிருந்து இறங்கிய எண்ணெயில் ஒரு பங்கு எங்கோ ஒரு சாக்கடை அடியில் தாலிக் அமிலமாகியிருந்தால், அதன் எட்டுக் கார்பனில் நாலுக்குச் சற்றுக் குறைவானது மீத்தேனாகவும் மீதி கார்பன் டை ஆக்சைடாகவும் குமிழிவிட்டிருக்கும். குழாய்த் துண்டுகள் மூலையில் அப்படியேதான் கிடக்கின்றன.